பெய்னாக் கோட்டைக்குக் கீழே ஒரு மனை

ஆகஸ்ட் மாதத்திலும் காலை ஏழரை மணிக்கு டோர்டோன் ஆற்றின் மேல் மூடுபனி கிடக்கும். கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்து வெளியே வருகிற பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுவது ஈரப் புல்லும் பக்கத்துக் கூடாரத்தின் முளைக்கயிறும் மட்டும்தான். முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவைத்த இரண்டு பாகெத் ரொட்டிகளை வாங்க வரவேற்பறைக்கு ஓடுகிறது. நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முனையைப் பிய்த்து வாயில் போட்டபடி திரும்பும்போது பனி கொஞ்சம் விலகியிருக்கிறது. தலைக்கு மேலே, ஆற்று மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில், பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி நிற்கிறது பெய்னாக் கோட்டை. பிள்ளை அப்படியே நின்றுவிடுகிறது. ரொட்டி வீட்டுக்கு, அதாவது கூடாரத்துக்கு, வந்து சேரச் சற்று நேரமாகும்.

இந்த ஒரு காலைக்காகத்தான் பிரான்ஸில் குடும்பத்தோடு கேம்பிங் போக வேண்டும். அந்தக் காலை தானாக வாய்ப்பதில்லை. பிப்ரவரியிலேயே யாரோ ஒருவர் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, எந்த ஊர், எந்தக் கரை, எவ்வளவு தூரம் என்று உட்கார்ந்து யோசித்ததால் வாய்க்கிறது.

தென்மேற்கு பிரான்ஸின் பெரிகோர் நாட்டில், சார்லா நகருக்குத் தெற்கே, டோர்டோன் ஆறு பெரிய பெரிய வளைவுகளாகத் திரும்பி ஓடுகிறது. அதன் கரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு ஊர்கள்: குன்றின் மேல் டோம், பாறைச்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே லா ரோக்-கஜாக், தென்கரையில் காஸ்டெல்நோ, வடகரையில் பெய்னாக். நான்குமே ‘பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற சங்கத்தில் இடம்பெற்றவை. காஸ்டெல்நோ கோட்டையும் பெய்னாக் கோட்டையும் ஆற்றுக்கு இருபுறமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நூறாண்டுப் போரில் (1337–1453) காஸ்டெல்நோ பலமுறை ஆங்கிலேயர் வசம் போனது. பெய்னாக் பிரெஞ்சு மன்னனின் பக்கம் நின்றது. இன்று கனூவில் மிதந்து போகிறவர்கள் ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லையாக இருந்த தண்ணீரின் மேல் போகிறார்கள்.

அந்தச் சங்கத்தின் கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. கொரேஸ் மாவட்டத்தில் செம்மணற்கல்லால் கட்டிய கொலோன்ஜ்-லா-ரூஜ் என்ற ஊரின் மேயராக இருந்த ஷார்ல் செய்ராக் 1982இல் அதைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வீடுகள் பூட்டிக் கிடந்தன. சேர விரும்பும் ஊரின் மக்கள்தொகை 2,000ஐத் தாண்டக் கூடாது, சட்டப் பாதுகாப்பு பெற்ற சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதே 1982இல்தான் பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு ஐந்தாவது வார விடுமுறையும் கிடைத்தது. 1936இல் மக்கள் முன்னணி அரசு கொடுத்த இரண்டு வாரத்தில் தொடங்கிய கணக்கு அது. சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடலையும் கிராமத்தையும் தேடிப் போன அந்த 1936 கோடையிலிருந்துதான் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குக் கேம்பிங் ஊறிப்போன பழக்கமானது. இன்று அந்த நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்பிங்குகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இத்தனை இருப்பதால்தான் தேர்வு கடினம்.

பெரும்பாலான குடும்பங்கள் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. நீலத் தண்ணீர், சுருள் சுருளான சறுக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு நடனம். கோட்டையின் படமும் ஓர் ஓரத்தில் இருக்கும். போய் இறங்கிய பிறகுதான் கோட்டை பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது தெரிகிறது. அப்புறம் தினமும் கார். வெயிலில் வெந்த காருக்குள் பிள்ளைகளை ஏற்றி, ஊர் எல்லையில் வண்டி நிறுத்த இடம் தேடி, இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, களைத்துத் திரும்புவது. மூன்றாம் நாள் யாரும் வெளியே கிளம்புவதில்லை. ஒரு வாரம் முழுக்க நீச்சல் குளத்தருகே கழிகிறது. அதற்கு 500 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டியதே இல்லை.

ஆகவே முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை நடக்கக்கூடிய தூரத்துக்குள் கேம்பிங்கைத் தேட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் இந்த வரிசை இன்னும் முக்கியம். அதற்குக் காரணம் சாலை.

லா ரோக்-கஜாக்கும் பெய்னாக்கும் ஒரே சாலையின் மேல் இருக்கின்றன. டி703 என்ற அந்தச் சாலை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு என்று ஊருக்குள் நுழைகிறது. அகலப்படுத்த வழியே கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் பகல் முழுவதும் கார்களும் வீட்டுவண்டிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும். பெய்னாக்கைச் சுற்றிப் போக ஒரு புறவழிச்சாலை போட மாவட்ட நிர்வாகம் வேலையைத் தொடங்கியது. ஆற்றில் பாலத் தூண்களும் எழுந்தன. நிலக்காட்சி கெடும், ஆறு கெடும் என்று எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பர் 28 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசவை வேலையை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு டிசம்பரில் போர்தோ மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டியதை இடித்து இடத்தைப் பழையபடி ஆக்கச் சொன்னது. அதன் பிறகும் வழக்கு இழுத்தது. புறவழிச்சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் அந்த ஊர்க்காரர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். கூடாரத்தோடு வருகிற குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இங்கே நான்கு கிலோமீட்டர் என்பது ஆகஸ்ட் மதியத்தில் நான்கு கிலோமீட்டராக இருக்காது.

நடை என்று வந்தால் தூரத்தோடு ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். டோம் ஊருக்குக் கீழே ஆற்றங்கரையில் கூடாரம் போட்டால் வரைபடத்தில் ஊர் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் ஊர் இருப்பது 150 மீட்டர் மேலே. ஐந்து வயதுப் பிள்ளையோடு வெயிலில் அந்த ஏற்றம் ஏறுவது லேசான காரியமில்லை. பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளத்தில் சமஉயரக் கோடுகள் தெளிவாகத் தெரியும். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அது செங்குத்து. நடைபாதைகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஊருக்குப் போகிற வழி, ஓரம்கூட இல்லாத தார்ச்சாலையா, வயலுக்கு நடுவே போகிற பாதையா என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே ஊருக்கு அனுப்பலாமா கூடாதா என்பது இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. பெய்னாக்கின் கிழக்கே, ஊரை ஒட்டியே ஆற்றோரப் புல்வெளியில் கேம்பிங் இருக்கிறது. லா ரோக்-கஜாக் பக்கத்திலும் அப்படியே. முன்பதிவு திறந்ததும் முதலில் நிரம்புகிற இடங்கள் இவை.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் கேம்பிங்குக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறார்கள்; ஒருமுறை தந்தால் ஐந்து ஆண்டு செல்லும். கழிப்பறை எத்தனை, வெந்நீர் உண்டா, மனையின் (கூடாரம் போடும் இடத்தின்) அளவென்ன, வரவேற்பறை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், விளையாட்டு வசதி என்ன என்று எண்ணிப் பார்த்துக் கொடுப்பது அது. கோட்டை தெரிகிறதா, ஊர் பக்கமா, இரவில் ஆற்றின் சத்தம் கேட்குமா என்பதற்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. ஐந்து நட்சத்திரக் கேம்பிங் பல நேரம் ஒரு முழு ஊர்: நானூறு, ஐந்நூறு மனைகள், கடை, உணவகம், ஒலிபெருக்கி. பக்கத்திலிருக்கிற உண்மையான ஊரைவிடப் பெரியது. லா ரோக்-கஜாக்கின் மக்கள்தொகையே நானூறு சொச்சம்தான்.

பலகையில் நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு சொல் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ‘டூரிஸ்ம்’ என்றிருந்தால் பாதிக்கு மேற்பட்ட மனைகள் வந்து போகிற பயணிகளுக்கு. ‘லுவாசீர்’ என்றிருந்தால் பாதிக்கு மேற்பட்டவை ஆண்டுக் கணக்கில் குடியிருப்பது போல வைத்திருப்பவர்களுக்கு. ஒரு வாரத்துக்கு வருகிற குடும்பம் முதல் வகையைத் தேட வேண்டும்.

பெரிய கேம்பிங்குக்கு மாற்று பிரான்ஸில் நிறையவே உண்டு. ஊராட்சியே நடத்துகிற ‘கேம்பிங் ம்யூனிசிபால்’ பெரும்பாலும் ஊரின் விளையாட்டுத் திடலுக்கோ ஆற்றுக்கோ பக்கத்தில் இருக்கும். வாடகை குறைவு, ஆடம்பரம் கிடையாது, ஊருக்கு நடந்துவிடலாம். ‘ஏர் நத்துரேல்’ என்ற இயற்கைத் திடலில் முப்பது மனைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பண்ணைக் கேம்பிங்கில் ஆறே ஆறு மனைகள், இருபது பேர்தான். வால்நட் தோப்புக்கு நடுவே, வாத்துகள் கத்துகிற பண்ணையில் அப்படி ஒரு வாரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைகள் சறுக்கைக் கேட்டு அழுவதில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் இது ஒத்துவருவது கடினம். அந்த வயதுக்குத் தன் வயதுக் கூட்டம் வேண்டும். வீட்டில் இரண்டு வயதிலும் பிள்ளைகள் இருந்தால், நூறு மனை அளவிலான நடுத்தரக் கேம்பிங் எல்லோருக்கும் பொதுவாக அமையும்.

இனி ஆறும் அதன் ஆபத்தும்.

1987 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய விழா நாள். ஆல்ப்ஸ் மலையில் லெ கிராண்ட்-போர்னாண்ட் என்ற ஊரில், போர்ன் ஓடையின் கரையிலிருந்த கேம்பிங் நிரம்பியிருந்தது. மாலையில் மலை மேல் பெருமழை கொட்டியது. சற்று நேரத்தில் ஓடை கரையுடைத்துக்கொண்டு கூடாரங்களுக்குள்ளும் வீட்டுவண்டிகளுக்குள்ளும் பாய்ந்தது. 23 பேர் இறந்தார்கள். ஓடைக்கு அந்த இடம் புதிதல்ல. வெள்ளம் பாயக்கூடிய நிலத்தில்தான் கேம்பிங் அமைந்திருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1996 ஆகஸ்ட் 7 அன்று, பிரெனே மலையின் ஸ்பெயின் பக்கத்தில் பியெஸ்காஸ் என்ற ஊரின் கேம்பிங்கில் அதே போல் வந்த வெள்ளம் 87 உயிர்களைக் கொண்டுபோனது.

லெ கிராண்ட்-போர்னாண்டுக்குப் பிறகு பிரான்ஸ் விதிகளை மாற்றியது. 1994இல் வந்த ஆணைப்படி, ஆபத்துள்ள பகுதியிலிருக்கும் ஒவ்வொரு கேம்பிங்கும் எப்படி எச்சரிப்பது, எந்த வழியாக வெளியேற்றுவது என்று எழுதிய பாதுகாப்புக் கையேடு வைத்திருக்க வேண்டும். வருகிறவர்களுக்கும் தகவல் தர வேண்டும். ஆகவே வரவேற்பறையில் சாவி வாங்கும்போது வெளியேறும் வழி எது, ஒன்றுகூடும் இடம் எது என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அதைச் சொல்வது அவர்கள் கடமை. கிளம்பும் முன்பே ‘ஜியோரிஸ்க்’ என்ற அரசுத் தளத்தில் ஊர் பெயரைக் கொடுத்தால் வெள்ளம், பாறைச் சரிவு, காட்டுத்தீ ஆகிய ஆபத்துகள் அங்கே உண்டா என்று காட்டிவிடும்.

டோர்டோன் மலை ஓடை போன்றதல்ல. மாசிஃப் சென்ட்ரல் மலைகளிலிருந்து 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, போர்தோவுக்கு வடக்கே கரோன் ஆற்றோடு சேர்கிறது. இந்தப் பகுதிக்கு வரும்போது அகன்று, கோடையில் பல இடங்களில் முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீரோடு கூழாங்கல் மேல் போகும். பெரிய வெள்ளம் குளிர்காலத்தில் வருவது. ஆற்றோரக் கேம்பிங்குகள் அப்போது மூடிக் கிடக்கும். அந்தப் புல்வெளிகளில் யாரும் வீடு கட்டாமல் விட்டதும், கூடாரத்துக்கு அவை மிஞ்சியதும் அதனால்தான். கோடையில் கவனிக்க வேண்டியது வேறு. மேலே பொர்-லெ-ஓர்க் முதலான அணைகளில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்று மட்டம் ஏறும். கரையிலிருக்கும் எச்சரிக்கைப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன. எதிரே தெரிகிற மணல்திட்டில் பிள்ளைகளை விளையாடவிட்டு இக்கரையில் படுத்துத் தூங்கக் கூடாது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் செருப்பும் அவசியம். அந்தக் கூழாங்கல் வழுக்கும்.

பாறையும் கவனம் கேட்கிறது. லா ரோக்-கஜாக்கின் தேன் நிற வீடுகள் சாய்ந்திருக்கிற அந்த உயர்ந்த சுவரிலிருந்து 1957 ஜனவரி 17 அன்று பெரும்பாறை பெயர்ந்து விழுந்து, வீடுகள் நொறுங்கி, மூன்று பேர் இறந்தார்கள். ஊரை மீண்டும் கட்டினார்கள். தெற்குப் பார்த்த பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் வாழையும் பனையும் அங்கே வளர்கின்றன. பெரிகோரில் வாழை மரத்தைப் பார்ப்பது ஒரு தமிழ்க் கண்ணுக்குத் தரும் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

மனையைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. ஆனால் பயணம் கெடுவதும் சிறப்பதும் அதில்தான். பிரெஞ்சுக்காரர்கள் ‘எம்ப்ளாஸ்மான்’ என்பதைத் தமிழில் மனை என்றே சொல்லிவிடலாம். செடிவேலியால் பிரித்து, எண் போட்டு, ஒரு கூடாரமும் காரும் நிற்க இடம் விட்டிருப்பார்கள். ஆற்றை ஒட்டிய மனைக்கு ஆசைப்படாதவர் இல்லை. தவழ்கிற பிள்ளை இருந்தால் அங்கே அம்மாவும் அப்பாவும் மாறி மாறிக் காவல் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாம் வரிசையே மேல். கழிப்பறைக்கு எதிர் மனை வேண்டாம். இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும் வரும். மதியம் மூன்று மணிக்கு மேல் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதை முன்பதிவின்போதே கேட்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் ஆகஸ்டில் 35 டிகிரி சாதாரணம். மேற்கு வெயில் நேரே அடிக்கிற மனையில் மதியத் தூக்கம் கிடையாது.

கூடாரம் போடும் முன் தரையில் ஒருமுறை மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாட்டத்தை முதுகு சொல்லிவிடும். தலை மேட்டுப் பக்கம் வரும்படி போட்டுக்கொள்ளலாம். குழிவான இடத்தை விட்டுவிட வேண்டும். கோடை இடிமழை அரை மணி நேரம் பெய்தாலும் அங்கேதான் தேங்கும். தரை கூழாங்கல் கலந்தது என்பதால் கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளை வளைந்துபோகும். கனமான இரும்பு முளையும் ஒரு சுத்தியலும் காரில் இருந்தால் முதல் மாலையே மனஸ்தாபம் இல்லாமல் கழியும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. மனைக்கு 6 ஆம்பியர் இணைப்பு என்று போட்டிருந்தால், 230 வோல்ட்டில் அது 1,380 வாட்தான். தேநீருக்கு எலக்ட்ரிக் கெட்டிலைப் போட்டால் அது ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். உடனே டிரிப் ஆகி, சில கேம்பிங்கில் பக்கத்து மனைக்கும் சேர்த்து மின்சாரம் போய்விடும். வீட்டு ரைஸ் குக்கர் ஐந்நூறு, எழுநூறு வாட். அது தாராளமாக ஓடும். பாரிஸிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் காரில் வரும் தமிழ்க் குடும்பங்கள் குக்கரைத் தைரியமாகக் கொண்டுவரலாம். கெட்டிலை வீட்டில் விட்டுவிட்டு, தேநீரைக் கேஸ் அடுப்பில் போட்டுக்கொள்ளலாம். 10 ஆம்பியர் இணைப்பு என்றால் 2,300 வாட். கெட்டிலும் ஓடும், ஆனால் குக்கரோடு சேர்த்து ஓடாது. இருபத்தைந்து மீட்டர் வயரும், நீல நிற மூன்று முனைக் கேம்பிங் பிளக்கும் அவசியம். கரி அடுப்பைப் பல கேம்பிங்குகள் கோடையில் அனுமதிப்பதில்லை. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். நீச்சல் குளத்தில் தொளதொள ட்ரவுசரோடு இறங்கவிட மாட்டார்கள். உடலோடு ஒட்டிய நீச்சலுடை கேட்பார்கள். கழிப்பறைக்குக் கையில் காகிதச் சுருளோடு போகிறவர்களைப் பார்த்தால், அந்தக் கேம்பிங்கில் அது வைப்பதில்லை என்று பொருள்.

எப்போது போவது? பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வேறு வழியில்லை. ஜூலை தொடக்கம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை. அதற்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 15 வரையிலான ஒரு மாதம்தான் உச்சம். ஜூலை விடுமுறைக்காரர் திரும்புவதும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர் கிளம்புவதும் ஒன்றாக விழும் சனிக்கிழமையில் நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது நல்லது. ‘பிசான் ஃப்யூத்தே’ என்ற அரசுச் சேவை எந்த நாள் சிவப்பு, எந்த நாள் கறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஜூலை முதல் வாரம் கிடைத்தால் அதுவே அருமை. இரவு பத்து மணி வரை வெளிச்சம், தண்ணீரில் குளிர் குறைந்திருக்கும், ஊரில் மூச்சுவிட இடமிருக்கும். பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகள் என்றால் ஜூனும் செப்டம்பரும் அவர்களுக்கென்றே இருக்கின்றன.

நடக்கிற தூரத்தில் ஊர் இருந்தால் நாட்கள் தாமாக அமைந்துகொள்ளும். ஒரு காலை பெய்னாக்கின் கல் சந்துகளில் ஏறிக் கோட்டைக்கு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் கையில் இருந்த கோட்டை அது. லுக் பெஸோனின் 1999ஆம் ஆண்டு ஜோன் ஆஃப் ஆர்க் படத்துக்கு இங்கே படப்பிடிப்பு நடந்தது. இன்னொரு நாள் எதிர்க்கரைக் காஸ்டெல்நோவுக்கு. அங்கே இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கோடையில் கல்லெறியும் டிரெபுஷேயை இயக்கிக் காட்டுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நூறாண்டுப் போரைப் புரியவைக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. காஸ்டெல்நோவிலிருந்து சற்றுத் தள்ளி மிலாந்த் கோட்டை. 1947இல் அதை வாங்கிய பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் பல நாட்டிலிருந்தும் தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளை அங்கே வளர்த்தார். கடன் ஏறி, 1960களின் இறுதியில் கோட்டையை இழந்தார். 2021 நவம்பர் 30 அன்று நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸின் பாந்தியோன் மறைந்த அவரை ஏற்றுக்கொண்டது. கோட்டை வாசலில் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளின் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் காது கொடுக்கும்.

டோம் ஊருக்குக் காரிலேயே போய்விடலாம். 1281இல் மூன்றாம் பிலிப் மன்னன் நிறுவிய கோட்டை நகரம். அதன் கிழக்கு வாயிலின் கோபுரங்களில் 1307க்குப் பிறகு டெம்ப்ளர் என்ற துறவிப் படையின் வீரர்களை அடைத்துவைத்தார்கள். சிலுவைகளும் உருவங்களுமாக அவர்கள் கீறியவை கல்லில் இருக்கின்றன. சந்தை மண்டபத்தில் இறங்கிக் குகைக்குள் நுழைந்தால், மறுமுனையில் கண்ணாடி லிஃப்ட் பாறை விளிம்புக்குக் கொண்டுவிடும். மதில் இல்லாத பக்கம் அது. பாறையே காவல் என்று நம்பி விட்டிருந்தார்கள். 1588இல் ஜோஃப்ருவா தெ விவான் என்ற ஹியூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) படைத்தலைவன் இரவில் சுமார் முப்பது பேரோடு அந்தப் பாறையில் ஏறி ஊருக்குள் புகுந்து, கூச்சல் கிளப்பி, வாயிலைத் திறந்துவிட்டான். விளிம்பில் நின்று கீழே பார்க்கும் பிள்ளைகள் எங்கே கால் வைத்து ஏறியிருப்பார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். தடுப்புக் கம்பியிலிருந்து அவர்களை இழுத்து வருவது பெற்றோர் பாடு.

ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். சார்லாவிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர், மோந்தின்யாக். 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் கண்டுபிடித்தது. மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ மூலக் குகையை மூடினார். இன்று பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த முழு நகல். நகல்தானே என்று தயங்க வேண்டாம். இருட்டில் காளையின் கொம்பு வளைவு தலைக்கு மேல் ஓடும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரை நாள் கனூ. மேல்பக்கம் வித்ராக்கிலோ சேனாக்கிலோ ஏறிக்கொண்டு, நீரோட்டத்தோடு இறங்கினால் லா ரோக், காஸ்டெல்நோ, பெய்னாக் மூன்றும் தண்ணீரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு காலத்தில் தட்டையடி ‘காபார்’ படகுகள் மேல்நாட்டு ஓக் மரத்தைப் பீப்பாய் செய்ய பெர்ஜராக்குக்கும் போர்தோவுக்கும் ஏற்றிப்போன வழி இது. பெரும்பாலும் ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கேம்பிங் பெய்னாக்கில் என்றால் துடுப்பை வைத்துவிட்டு நேரே கூடாரத்துக்கு நடந்துவிடலாம்.

சார்லாவில் புதன், சனி சந்தை. டோமில் வியாழன், சேன்-சிப்ரியானில் ஞாயிறு. ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் பல சின்ன ஊர்களில் இரவுச் சந்தை கூடும். நீள மேசைகள் போட்டிருப்பார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். கேம்பிங்கில் இருப்பவர்களுக்கு அது எப்படியும் கைவசம் இருக்கும். அதே மாதங்களின் வியாழன் இரவுகளில், பக்கத்திலுள்ள மர்கேசாக் தோட்டத்தின் ஒன்றரை லட்சம் பாக்ஸ்வுட் செடிகளுக்கு நடுவே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்தத் தோட்டத்துக் குன்றிலிருந்து பார்த்தால் லா ரோக், காஸ்டெல்நோ, பெய்னாக் மூன்றும் ஆறும் தெரியும். கீழே இருட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்களாகக் கேம்பிங்குகளும்.

கூடாரத்துக்குத் திரும்பும்போது பதினொன்று ஆகியிருக்கும். அமைதி நேரம் தொடங்கியிருப்பதால் காருக்குக் குறுக்குக் கம்பி போட்டுவிட்டிருப்பார்கள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, தூங்கிப்போன சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியது டார்ச் பிடிக்க, புல்லில் நடக்க வேண்டும். நாளைக்கு எத்தனை ரொட்டி சொல்லியிருக்கிறது என்று பெரியது கேட்கிறது.